செட்டிகுளத்து விராலுக்கு ஒரு தூண்டில்: 1500 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

தூண்டில் வீடியோ பார்க்கிற பழக்கம் ஒருதடவை தொத்திக்கிட்டா விடாது. அமெரிக்காக்காரர் ஒருத்தர் படகுல உட்கார்ந்து 'பாஸ்' மீன் பிடிப்பார். பக்கத்துல ஏழெட்டு தூண்டில் கம்பு, பெட்டி நிறைய ரப்பர் புழு. அதைப் பார்த்துட்டு நம்ம ஊர் பையன் ஆன்லைன்ல 'பாஸ் ஃபிஷிங் செட்' என்று தேடுவான். கம்பு, ரீல், நூல், நூத்துச் சொச்சம் பிளாஸ்டிக் மீன்குஞ்சு எல்லாம் ஒரே பையில் வரும் ஒரு செட் கண்ணுல படும். அந்தப் பையில் இருக்கிற பாதிச் சாமான் செட்டிகுளம் பக்கத்து ஏரியில் எதுக்கும் உதவாது. ஏன் உதவாது, அதே காசுக்கு எதை வாங்கினா உதவும் என்பதைப் பத்தின குறிப்புகள்தான் இது.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஏரியில் பாஸ் கிடையாது. அது வட அமெரிக்க நன்னீர் மீன். ஆனா அது செய்கிற வேலையை இங்கே செய்கிற மீன் ஒண்ணு உண்டு: விரால். ரெண்டும் பதுங்கிப் பாய்கிற ஜாதி. கோரை, அல்லி, பாசிக்கு நடுவுல அசையாம நிற்கும். தவளையோ சின்ன மீனோ மேல போனா ஒரே பாய்ச்சல். அதனாலதான் அமெரிக்காவில் பாஸுக்குச் செஞ்ச ரப்பர் தவளை, தாய்லாந்து, மலேசியாவில் விரால் வகைகளுக்கென்று உருமாறி, அங்கிருந்து நம்ம ஊர் சந்தைக்கும் வந்து சேர்ந்திருக்கு. பாஸுக்கும் விராலுக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. தொழில் மட்டும்தான் ஒண்ணு.

விராலோட அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையாட்டா. 1793ல் அதை விவரிச்சவர் பிளாக் என்கிற ஜெர்மன் மீனியலாளர். அந்தக் காலத்துல தரங்கம்பாடியிலிருந்து ஜான் என்கிற மிஷனரி அவருக்கு நம்ம கரையோர மீன்களைச் சேகரிச்சு அனுப்பிக்கிட்டிருந்தார். சென்னை மாகாண சிவில் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதுன்னு 1887ல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்குன்னே தனியா இன்னொண்ணு போட்டார். ஆக, கம்பும் ரீலும் வச்சுக்கிட்டு நம்ம குளக்கரையில் நிற்கிறது யூடியூப் கொண்டுவந்த புதுப் பழக்கம் இல்லை. துரைமார் கையில் இருந்த சாமான் இப்போ ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்குது, அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். ஏன் 1500 என்று கேட்கலாம். நூறு நாள் வேலைக்கு 2024-25ல் தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச ஒருநாள் கூலி 319 ரூபாய். 1500 ரூபாய் என்பது கிட்டத்தட்ட ஐந்து நாள் கூலி. அதுக்கு மேல பொழுதுபோக்குக்குச் செலவு பண்ணுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதுக்குக் கீழே ரீல் தூண்டில் முழுசா அமையறதும் கஷ்டம். கீழே சொல்கிற விலை எல்லாம் சுமாரான விலைதான். பெரம்பலூர், திருச்சி கடையிலயும் ஆன்லைன்லயும் ஐம்பது, நூறு முன்னே பின்னே இருக்கும்.

அதுக்கு முன்னாடி, 1500 இல்லாதவங்களுக்கும் ஒரு வழி இருக்குன்னு சொல்லிடறேன். கெண்டை, கெளுத்தி, ஜிலேபிக்கு ரீலே வேண்டாம். பத்தடி மூங்கில், அதே நீளத்துக்கு நரம்பு, ஒரு சின்ன முள், பட்டாணி அளவு ஈயம், தக்கைக்குச் சோளத்தட்டை. பெரம்பலூர் மாவட்டத்துல மக்காச்சோளத்துக்கா பஞ்சம்? நரம்பும் முள்ளும் சேர்த்து நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். மண்புழு ஈரமான எருக்குழியில் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் தூரம் எறியணும்னா ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல நரம்பைச் சுத்தி, ஈயத்தைச் சுழட்டி வீசலாம். பாட்டில் வாயை ஏரிப் பக்கம் காட்டிப் பிடிச்சா நரம்பு தானா உருவிக்கிட்டுப் போகும். உலகத்துல பல நாட்டு ஏழை மீனவர்கள் கடல்லயே இப்படித்தான் பிடிக்கிறாங்க. (செட்டிகுளம் மலைக்கோயில் முருகன் வேலுக்குப் பதிலா கையில் கரும்பு பிடிச்சிருக்கார். மூங்கில் பிடிச்ச நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?)

ஜிலேபி பத்தி ஒரு வார்த்தை. அது 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட வெளிநாட்டு மீன். எந்தக் குட்டையிலயும் பெருகும். பிடிச்சுப் பழக அதைவிட நல்ல மீன் இல்லை, எவ்வளவு பிடிச்சாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பத்து வயசுப் பிள்ளைக்கு இந்த மூங்கில் தூண்டிலே போதும்.

இப்போ விராலுக்கு வருவோம். அதுக்கு ரீல் ஏன் வேணும்? விரால் கரைக்குப் பக்கத்துல மட்டும் இருக்காது. பாசித் திட்டுக்கு நடுவுல இருக்கும். தவளையைப் பதினைஞ்சு இருபது மீட்டர் தள்ளி எறிஞ்சு, தண்ணி மேலேயே துள்ளத் துள்ள இழுத்து வரணும். மூங்கிலால் அது முடியாது.

காசைப் பிரிக்கிறதுல பெரும்பாலானவங்க கம்பிலிருந்து ஆரம்பிக்கிறாங்க. பார்க்கப் பெரிசா இருக்கிறது அதுதானே. நான் தலைகீழா ஆரம்பிப்பேன். மீனைத் தொடுகிறது முள். அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது முடிச்சும் நூலும். அப்புறம் ரீல். கம்பு கடைசி. முள் நல்லதா இருந்து கம்பு மட்டமா இருந்தா மீன் கைக்கு வரும். கம்பு நல்லதா இருந்து முள் நிமிர்ந்துட்டா வராது.

ஆகவே முதல் 250 ரூபாய் தவளைக்கு. ரெண்டே ரெண்டு போதும், ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெளிர் நிறம். மழை முடிஞ்ச கையோட நம்ம கரிசல் ஏரித் தண்ணி கலங்கலாத்தான் இருக்கும். கீழேயிருந்து மேலே பார்க்கிற விராலுக்கு வானத்துக்கு எதிரா ஒரு நிழல்தான் தெரியும். கறுப்பு அதுக்கு எடுப்பு. மத்தபடி கலர் கலரா இருக்கிறது மீனைவிட மனுஷனைப் பிடிக்கத்தான். வாங்கும்போது தவளையை ரெண்டு விரலால் நசுக்கிப் பாருங்க. உடம்பு அமுங்கி, முதுகை ஒட்டியிருக்கிற ரெட்டை முள் வெளியே தெரியணும். அமுங்காத கெட்டி ரப்பரா இருந்தா வச்சிடுங்க, மீன் கவ்வினாலும் முள் அதன் வாயைத் தொடாது. அடுத்தது, முள் முனையை விரல் நகத்து மேல லேசா இழுத்துப் பாருங்க. வழுக்கினா மொட்டை. நகத்துல குத்தி நின்னா கூர். மொட்டை முள்ளைச் சின்ன அரத்தால் தீட்டிக்கலாம். ஆனா மெல்லிசு முள்ளை எதுவும் பண்ண முடியாது. விரால் வாய் எலும்பு கெட்டி, மெல்லிசு முள் நிமிர்ந்திடும்.

அந்த நூத்துச் சொச்சம் சாமான் பையில் இருக்கிற மீன்குஞ்சுகளில் பெரும்பாலானதில் மூணு கவை முள் தொங்கும். ஆழமான, சுத்தமான தண்ணிக்கு அது சரி. நம்ம ஏரியில் முதல் வீச்சுலயே பாசியில் மாட்டும், ரெண்டாவது வீச்சுல கருவேலமரத்துல மாட்டும். ஒரு தவளைக்கு இருக்கிற பெருமை என்னன்னா, முள் மேல் பக்கமா ஒளிஞ்சிருக்கிறதால பாசி மேல நடக்கும்.

உயிருள்ள தவளையைக் கோத்துப் போடறது நம்ம பக்கம் பழைய வழக்கம். அதை விட்டுடறது நல்லது. இந்தியப் பெருந்தவளை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. வயல் தவளைகளைச் சகட்டுமேனிக்குப் பிடிச்சதாலதான் 1987ல் தவளைக்கால் ஏற்றுமதியையே நிறுத்த வேண்டி வந்தது. வயல்ல பூச்சியைத் தின்கிற தவளை வயல்லயே இருக்கட்டும்.

அடுத்த 250 நூலுக்கு. இங்கே ஒரு தேர்வு இருக்கு: சாதாரண நரம்பா, பின்னல் நூலா? நரம்பு மலிவு, முடிச்சு எளிது, ஆனா இழுத்தா நீளும். இருபது மீட்டர் தள்ளி விரால் கவ்வும்போது நீங்க வெட்டி இழுக்கிற வேகத்துல பாதியை நரம்பு விழுங்கிடும். முள் இறங்காது. பின்னல் நூல் நீளாது, பாசித் தண்டையும் அறுத்துக்கிட்டு வரும். விராலுக்குப் பின்னல்தான். 30 பவுண்டு என்று போட்டது, நூறு மீட்டர் சுருள் ஒண்ணு வாங்கினா போதும். ரீலில் முதல்ல பத்துப் பதினைஞ்சு மீட்டர் சாதா நரம்பைச் சுத்தி, அதன் மேல பின்னலைக் கட்டுங்க. வெறும் ரீல்ல பின்னலைச் சுத்தினா மொத்தச் சுருளும் உள்ளுக்குள்ளேயே வழுக்கிச் சுத்தும்.

மலிவு நூல்ல அட்டையில் போட்ட எண்ணை நம்பாதீங்க. 30 பவுண்டு என்றால் ஏறத்தாழ 13.6 கிலோ. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. 20 லிட்டர் கேன்ல 13 லிட்டர் தண்ணி ஊத்தி, நூல்ல முடிச்சுப் போட்டுக் கைப்பிடியில் மாட்டி மெதுவா தூக்குங்க. நூலை வெறுங்கையில் சுத்தாதீங்க, சதையை அறுத்திடும். ஒரு கட்டையில் சுத்திப் பிடிங்க. பத்து கிலோ தாங்கினாலே நமக்குப் போதும். ஆறு கிலோவுக்கே அறுந்தா கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், இல்லைன்னா கொடி கட்ட வச்சுக்கலாம்.

அறுந்த இடம் எதுன்னும் பாருங்க. பெரும்பாலும் முடிச்சுல அறுந்திருக்கும். பின்னல் நூல் வழவழப்பு, அதில் சாதாரண சுத்து முடிச்சு நழுவும். பாலோமர் முடிச்சைப் பழகிக்கோங்க. நூலை ஒரு சாண் நீளத்துக்கு ரெண்டா மடிச்சு, அந்த மடிப்பை வளையத்துக்குள்ள விட்டு எடுங்க. ரெட்டை நூலையே கயிறா நினைச்சு ஒரு சாதா முடிச்சு, இறுக்காம போடுங்க. இப்போ மடிப்பு வளையத்துக்குள்ள தவளையை முழுசா நுழைச்சு எடுங்க. எச்சில் தொட்டு நனைச்சு, ரெண்டு நூலையும் சேர்த்து இழுங்க. நனைக்கிறது சம்பிரதாயம் இல்லை, காய்ஞ்சு இழுத்தா உரசல் சூட்டுல நூல் பலம் போகும். வீட்டுல உட்கார்ந்து இருபது தடவை போட்டுப் பார்த்தா கண்ணை மூடிக்கிட்டே வரும். இதுக்குக் காசு கிடையாது. ஆனா மொத்தச் சாமானிலும் அதிகம் பலன் தர்றது இதுதான்.

ரீலுக்கு 550. அளவு 3000 என்று போட்டிருக்கும் ஸ்பின்னிங் ரீல் பாருங்க. 'பேரிங் 12', 'பேரிங் 13' என்று பெட்டியில் பெரிசா அச்சடிச்சிருப்பான். இந்த விலைக்குப் பதிமூணு நல்ல பேரிங் எப்படி வரும்? எண்ணிக்கையை விட்டுட்டு மூணு விஷயத்தைக் கையால் பாருங்க. கைப்பிடியைப் பிடிச்சு ஆட்டினா கடகடன்னு ஆடக்கூடாது. கம்பி வளைவு சுத்தத் தொடங்கினதும் பட்டுன்னு மூடணும், பாதியில் நிற்கக்கூடாது. பின்னோக்கிச் சுத்தப் பார்த்தா உடனே பிடிக்கணும்.

நாலாவது ஒண்ணு இருக்கு, டிராக். ரீலோட முன்பக்கம் இருக்கிற திருகு. மீன் பலமா இழுக்கும்போது நூல் அறுந்திடாம கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கிற பிரேக் அது. நூல் தாங்கும் எடையில் மூணில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 13 கிலோ நூலுக்கு நாலு கிலோ சொச்சம். ரெண்டு லிட்டர் பாட்டில் ரெண்டை நிரப்பி, நூல் முனையில் கட்டி, கம்பில் மாட்டாம ரீலிலிருந்து நேரா தொங்கவிட்டுப் பாருங்க. திருகை முழுசா இறுக்கினா தாங்கணும், கொஞ்சம் தளர்த்தினா மெதுவா ஒரே சீரா இறங்கணும். விட்டு விட்டுக் குதிச்சு இறங்கினா அந்த ரீல் வேண்டாம். பாசிக்குள்ள விரால் பிடிக்கும்போது டிராக்கை இறுக்கமாவே வச்சுக்கணும். விட்டுக்கொடுத்தீங்கன்னா அது நேரா கோரைக்குள்ள போய்ச் சுத்திக்கும்.

மிச்சம் 450 ரூபாய்க்குக் கம்பு. ஆறு அல்லது ஆறரை அடி, ரெண்டு துண்டா வர்ற கெட்டி ஃபைபர் கிளாஸ். கனமாத்தான் இருக்கும், சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கும். ஆனா பைக்ல கட்டிக்கிட்டுப் போய், கீழே போட்டு, மிதிச்சாலும் உடையாது. குடை மாதிரி மடக்கி நீட்டுகிற கம்பு பார்க்க வசதி. ஆனா மலிவானதில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பலவீனம். பாசியோட சேர்த்து ஒரு கிலோ மீனைத் தூக்கும்போது உள்ளே வழுக்கிப் போயிடும். கம்பில் இருக்கிற வளையம் ஒவ்வொண்ணுக்குள்ளயும் காது குடையற பஞ்சுக் குச்சியை விட்டுச் சுத்திப் பாருங்க. பஞ்சு எங்கேயாவது பிய்ஞ்சா அங்கே கீறல் இருக்கு, பின்னல் நூலை அது அறுத்திடும்.

கார்பன் கம்பு இலேசு, ருசியான சாமான், பிற்பாடு காசு வந்தா வாங்கலாம். ஆனா அது மின்சாரம் கடத்தும். ஏரிக்கரை ஓரமா மோட்டார் கொட்டகைக்குப் போகிற கம்பி தாழ்வாத் தொங்குகிற ஊர் நம்மளது. எந்தக் கம்பானாலும், ஈர மூங்கிலானாலும் சரி, வீசறதுக்கு முன்னாடி ஒருதடவை தலைக்கு மேல பாருங்க. இடி இடிச்சா கம்பைக் கீழே வச்சுட்டு வீட்டுக்குப் போங்க.

மொத்தம் 1500. இவ்வளவு குறைஞ்ச சாமான்ல பெரிய மீன் வருமான்னு சந்தேகமா இருந்தா ஜார்ஜ் பெர்ரியைப் பத்திப் படிங்க. 1932 ஜூன் 2, அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்துல இருந்த நேரம். ஜார்ஜியா மாநிலத்து விவசாயி, வயசு இருபது. மழை பெய்ஞ்சு வயல் வேலை ஓடல. நண்பரோட மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பு, ஒரே செயற்கை மீன். மாத்தி மாத்தி வீசினாங்க. பெர்ரி முறை வந்தப்போ மாட்டினது 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்கு மேல எடையுள்ள பாஸ். உலக சாதனை. எடை போட்டு எழுதி வாங்கிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிட்டாங்க. 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருத்தர் அதைச் சமன் செய்யற வரைக்கும், கோடிக்கணக்கில் பணம் புரளுகிற அந்தத் துறையில் யாராலும் அதை எட்ட முடியல.

சாமான் வாங்கியாச்சு. எங்கே வீசறது? இதைக் கேட்காம ஏரிக்குப் போனா சண்டைதான் வரும். நம்ம ஏரி, குளங்கள்ல மீன்பாசி குத்தகை உண்டு. ஏலம் எடுத்தவர் காசு கட்டி, குஞ்சு வாங்கி விட்டிருப்பார். உங்களுக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு அது முதலீடு. கரையில் காவலுக்கு இருக்கிறவரிடம் நேரா போய், "அண்ணே, விராலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் தூண்டில் போட்டுக்கட்டுமா?"ன்னு கேளுங்க. குத்தகைக்காரர் விட்டது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். அந்தக் குஞ்சைத் தின்கிறது விரால். அதனால விராலுக்குன்னு சொன்னா சில சமயம் சிரிச்சுக்கிட்டே விடுவாங்க. ஆனா ஏரி மீன்லயே விலை கூடினது விரால்தான், ஆகவே முடியாதுன்னும் சொல்லலாம். சொன்னா திரும்பி வந்துடறதுதான் முறை. தண்ணி வத்தி, குத்தகைக்காரர் வலை போட்டு முடிச்ச பிறகு ஊர் முழுக்க இறங்கிப் பிடிக்கிற மீன்பிடித் திருவிழா புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் நடக்கும். அங்கே ஊத்தாவுக்குத்தான் மரியாதை, உங்க ரீலை யாரும் மதிக்க மாட்டாங்க.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி பெரிசா இருக்கேன்னு அங்கே கம்போட போயிடாதீங்க. அது பறவைகள் சரணாலயம், 2024ல் ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்திருக்கு. எந்த ஏரியா இருந்தாலும் அறுந்த நூலை அங்கேயே போட்டுட்டு வராதீங்க. நரம்பு மக்காது, கொக்கு, நாரை காலில் சுத்திக்கிட்டா அதுக்கு விமோசனமே இல்லை. பழைய நூலைச் சுருட்டிப் பையில் போட்டு எடுத்துட்டு வர ஒரு நிமிஷம் ஆகுமா?

விராலைக் கண்டுபிடிக்கிறது எளிது. அதுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காத்தை விழுங்கியாகணும். விடியக்காலையில் கரையில் பத்து நிமிஷம் சத்தமில்லாம நின்னா, 'பொளக்'னு ஒரு குமிழி எழும். அந்த இடத்துக்கு ரெண்டு மூணு மீட்டர் தாண்டி வீசி, மெதுவா அதன் மேல நடத்திக்கிட்டு வரணும். தண்ணி வெடிச்ச உடனே இழுக்கக்கூடாது. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி, நூல் இறுகினதும் வெட்டி இழுக்கணும். கண்ணால் பார்த்துட்டு அப்பவே இழுத்தா தவளை மட்டும் பறந்து வரும்.

சில சமயம் தண்ணி மேல செம்பு நிறத்துல ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரியும். விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்து மேல தவளையை வீசினா, பசியே இல்லாட்டியும் காவலுக்காகப் பாய்ஞ்சு கவ்வும். எந்தக் கத்துக்குட்டியும் பிடிச்சிடலாம், நிறைய வீடியோவில் காட்டுறதும் இதைத்தான். தாய் தகப்பன் போன மறு நிமிஷமே கெண்டையும் குறவையும் அந்தக் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பிச்சிடும். சித்திரை, வைகாசியில் கட்டாந்தரையாகிற ஏரி நம்மளது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணி வந்து தங்கினாத்தான் மீன். அங்கே ஒரு ஜோடியைத் தூக்கினா பல நூறு குஞ்சுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. செங்கூட்டம் தெரிஞ்சா வேற பக்கம் நடந்துடுங்க. நான் இதில் கறார்.

கடைசியா பழகுறது பத்தி. ஏரிக்கரையில் போய் வீசக் கத்துக்காதீங்க, தவளை மரத்துல தொங்கும், நூறு ரூபாய் காலி. சின்ன வெங்காயம் பிடுங்கின வயல் செட்டிகுளத்தைச் சுத்தி எங்கே பார்த்தாலும் இருக்கு. தவளைக்குப் பதிலா அதே எடைக்கு ஒரு நட்டைக் கட்டிக்கிட்டு, இருபது மீட்டர்ல ஒரு பழைய பக்கெட்டை வச்சு வீசிப் பழகுங்க. பத்துக்கு மூணு பக்கெட்டுக்கு ஒரு மீட்டர் பக்கத்துல விழ ஆரம்பிச்சதும் நட்டைக் கழட்டிட்டுத் தவளையைக் கட்டிக்கலாம். வயலுக்காரரைக் கேட்டுட்டு இறங்குங்க, ஆடு மாடு பக்கத்துல மேயாம பார்த்துக்கோங்க.